வலது மேலறையை இரண்டாக்கும் சவ்வு: வாசகர் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

பிறவி இதயக் கோளாறுகள் பற்றி வந்த கடிதங்களில், இந்த இதழுக்கு ஒரே கோளாறைச் சுற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம். வலது மேலறையை ஒரு சவ்வு இரண்டாகத் தடுத்து, இதயத்துக்கு மூன்று மேலறை இருப்பது போல ஆக்கிவிடும் மிக அபூர்வமான கோளாறு இது. ஆனால் இதன் சிறு வடிவங்கள் பலருடைய எக்கோ ரிப்போர்ட்டில் இருக்கும்.

கேள்வி: எங்கள் நான்கு மாதக் குழந்தை அழும்போது உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. எக்கோ எடுத்துவிட்டு ‘கோர் ட்ரையாட்ரியாட்டம் டெக்ஸ்டர்’ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ‘ரொம்ப அபூர்வம்’ என்பதைத் தவிர எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. இதயத்துக்குள் என்னதான் நடக்கிறது டாக்டர்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உடம்பைச் சுற்றிவிட்டு வரும் ஆக்சிஜன் குறைந்த ரத்தம் இரண்டு பெரிய சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வந்து சேர்கிறது. தலையிலிருந்தும் கைகளிலிருந்தும் வருவது மேற்பெருஞ்சிரை. வயிற்றிலிருந்தும் கால்களிலிருந்தும் வருவது கீழ்ப்பெருஞ்சிரை. அங்கிருந்து ட்ரைகஸ்பிட் வால்வைத் தாண்டி வலது கீழறைக்கும், பிறகு நுரையீரலுக்கும் போகிறது. உங்கள் குழந்தைக்கு அந்த வலது மேலறையின் நடுவில் ஒரு சவ்வு நின்றுகொண்டு அறையை இரண்டாகத் தடுத்திருக்கிறது. பெரும்பாலும் பெருஞ்சிரைகள் வந்து சேரும் பின்பகுதி ஒரு பக்கம், ட்ரைகஸ்பிட் வால்வு இருக்கும் முன்பகுதி மறுபக்கம். பிறவி இதயக் கோளாறு உள்ள 10,000 பேரில் இரண்டு மூன்று பேருக்குத்தான் இது இருக்கும் என்பது மருத்துவ நூல்கள் தரும் கணக்கு.

இந்தச் சவ்வு புதிதாக முளைத்ததல்ல, கருவில் எல்லாருக்கும் இருந்ததுதான். தாயின் நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜனோடு வரும் ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாகவே கருவின் இதயத்தை அடைகிறது. அதை வலது கீழறைக்குள் விடாமல், மேலறைகளின் நடுச்சுவரில் உள்ள ஃபொராமென் ஓவேல் என்ற திறப்பின் பக்கம் திருப்பி, இடது பக்கம் அனுப்பி, மூளைக்குச் சேர்ப்பது இந்தச் சவ்வின் வேலை. சைனஸ் வீனோசஸ் எனும் பகுதியின் வலது வால்வு என்று இதற்குப் பெயர். கருவின் 12-ஆம் வாரத்தையொட்டி இதன் பெரும்பகுதி கரைந்துவிட வேண்டும். மிஞ்சுவது கீழ்ப்பெருஞ்சிரையின் வாயில் யூஸ்டேக்கியன் வால்வு என்ற சிறு மடிப்பும், இதயத் தசையின் சிரை வந்து திறக்கும் இடத்தில் தெபீசியன் வால்வு என்ற இன்னொரு மடிப்பும்தான். கரையாமல் முழுதாக நின்றுவிட்டால் அதுதான் உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள பெயர்.

பிறந்த பிறகும் சவ்வு தன் பழைய வேலையையே செய்துகொண்டிருக்கிறது. ஆனால் இப்போது கீழ்ப்பெருஞ்சிரையில் வருவது ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அல்ல. அந்தக் கெட்ட ரத்தத்தை நடுச்சுவர்த் திறப்பு வழியாக இடது பக்கம் தள்ளினால், நுரையீரலுக்குப் போகாமலே அது உடம்புக்குப் போய்விடும். நீலம் அதனால்தான். அழும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறி வலது பக்க அழுத்தமும் கூடுவதால், இடது பக்கம் தாவும் ரத்தமும் கூடுகிறது.

இனி உங்கள் மருத்துவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இவை. சவ்வில் உள்ள ஓட்டைகள் எத்தனை, எவ்வளவு பெரியவை? சவ்வின் இரு பக்கமும் அழுத்த வேறுபாடு எவ்வளவு? நடுச்சுவரில் துளை இருக்கிறதா, ரத்தம் அதில் எந்தப் பக்கம் ஓடுகிறது? ட்ரைகஸ்பிட் வால்வும் வலது கீழறையும் வயதுக்கேற்ற அளவில் வளர்ந்திருக்கின்றனவா? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கருவிலிருந்தே ரத்தம் குறைவாகப் போன கீழறை சிறுத்து நின்றுவிடலாம். பின்னால் அறுவை சிகிச்சையின் போக்கே அதை வைத்துத்தான் முடிவாகும். இதோடு நுரையீரல் தமனி வால்வின் சுருக்கம், ட்ரைகஸ்பிட் வால்வு கீழே இறங்கி அமைந்துவிடும் எப்ஸ்டைன் கோளாறு போன்றவை சேர்ந்து இருப்பதும் உண்டு என்பதால் அவற்றையும் தேடிப் பார்த்திருக்க வேண்டும்.

அழுத்த வேறுபாடு பற்றி ஒரு வார்த்தை. இரண்டு மூன்று மி.மீ. பாதரசம் என்று எழுதியிருந்தால் ‘இவ்வளவுதானே’ என்று தோன்றும். வலது மேலறையின் இயல்பான அழுத்தமே 2 முதல் 6 மி.மீ. பாதரசம்தான். அங்கே சில மில்லிமீட்டர் கூடினாலே கல்லீரல் வீங்கும், வயிற்றில் நீர் கோக்கும், கால் வீங்கும். நடுச்சுவரில் துளை இல்லாத குழந்தைகளில் நீலம் இருக்காது. இந்த வீக்கங்கள்தான் முதலில் தெரியும். அபூர்வமாகச் சவ்வு காற்றுப் பிடித்த பாய் மாதிரி புடைத்து, ஒவ்வொரு துடிப்புக்கும் ட்ரைகஸ்பிட் வால்வுக்குள்ளேயே போய் அடைத்துக்கொள்வதும் உண்டு.

கேள்வி: மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் எக்கோ எடுத்தேன். ‘ப்ராமினன்ட் யூஸ்டேக்கியன் வால்வ், கியாரி நெட்வொர்க்’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. இணையத்தில் தேடினால் மூன்று மேலறை இதயம் என்று வருகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகர், ஈரோடு

பதில்: பயப்பட வேண்டாம். மேலே சொன்ன அதே சவ்வின் அரைகுறை மிச்சங்கள்தான் இவை. முழுதாகக் கரையாமல் மெல்லிய வலைப்பின்னலாக மிஞ்சியதை 1897-இல் ஹான்ஸ் கியாரி விவரித்தார். அவர் பெயரே நிலைத்தது. சுமார் 100 பேரில் இருவருக்கு இந்த வலை இருக்கும். ரத்தத்தைத் தடுக்காது, மருந்தும் வேண்டாம், ஆண்டுதோறும் எக்கோவும் வேண்டாம். கட்டி என்றோ ரத்த உறைவு என்றோ யாரும் தவறாக நினைத்துவிடாமல் இருக்க அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். காரணம் புரியாத பக்கவாதம் வந்தவருக்கு மட்டும் இந்த மடிப்புகளையும் ஃபொராமென் ஓவேலையும் சேர்த்துப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: என் பேத்திக்கு வயது இரண்டு. ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு, அதாவது சாச்சுரேஷன், 86, 88 என்றே நிற்கிறது. ஆக்சிஜன் வைத்தும் பெரிதாக ஏறவில்லை. கையில் ஊசி போட்டு ‘பபிள் எக்கோ’ எடுத்தபோது எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். இன்னொரு மருத்துவமனையில் காலில் ஊசி போட்டு மறுபடி எடுக்க வேண்டும் என்கிறார்கள். ஒரே பரிசோதனையை ஏன் இரண்டு முறை?
– வாசகர், காரைக்குடி

பதில்: காலில் போடச் சொன்னவர் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அவசியம் செய்யுங்கள்.

பபிள் எக்கோவில் இரண்டு சிரிஞ்சுகளை மூவழித் திருகு ஒன்றில் மாட்டுவார்கள். பெரியவர்களுக்கு 9 மி.லி. சலைன் எனும் உப்புநீர், 1 மி.லி. காற்று, குழந்தைக்கு எடைக்கேற்ப அளவு குறையும். இரண்டு சிரிஞ்சுக்கும் நடுவே வேகமாக முன்னும் பின்னும் தள்ளினால் சலைன் பால் போலக் கலங்கும். கண்ணுக்குத் தெரியும் பெரிய குமிழிகளை நீக்கிவிட்டு அதை உடனே சிரையில் செலுத்துவார்கள். எக்கோ திரையில் வலது மேலறை வெண்மையாக நிரம்பும். இந்த நுண்குமிழிகள் நுரையீரலின் நுண்குழாய்களைத் தாண்டாது, அங்கேயே கரைந்துவிடும். வலது மேலறை நிரம்பிய மூன்று துடிப்புக்குள் இடது பக்கம் குமிழி தெரிந்தால் இதயத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது என்று பொருள். நாலைந்து துடிப்பு கழித்துத் தெரிந்தால் நுரையீரலுக்குள் குறுக்கு வழி இருக்கலாம்.

கையில் போட்டது மேற்பெருஞ்சிரை வழியாக வரும். அந்த ரத்தம் ட்ரைகஸ்பிட் வால்வை நோக்கியே விழும். சவ்வு திருப்பிவிடுவதோ பெரும்பாலும் கீழ்ப்பெருஞ்சிரையின் ரத்தத்தை. ஆகவே கையில் போட்டால் சவ்வும் துளையும் சேர்ந்து செய்யும் வேலை திரையில் தெரியாமலே போகலாம். காலில் போட்டால் குமிழிகள் கீழிருந்து வந்து, சவ்வில் மோதித் திரும்பி, நேராக இடது மேலறைக்குள் பாய்வதைக் கண்ணால் பார்க்கலாம். கையில் போட்டபோதும் ஒரு தடயம் கிடைக்கும்: வலது மேலறை முழுதும் வெளுக்காமல், கீழ்ப்பெருஞ்சிரைப் பக்கம் ஒரு பகுதி கறுப்பாகவே நின்றால், அங்கே வேறு ரத்தம் வந்து கழுவிக்கொண்டிருக்கிறது. பழைய வீடியோவை வாங்கிப் புதிய மருத்துவரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. படம் ஓட வேண்டும்.

ஆக்சிஜன் வைத்தும் ஏறாததற்கும் இதுவே காரணம். நுரையீரலுக்கே போகாத ரத்தத்துக்கு எவ்வளவு ஆக்சிஜன் வைத்தும் பயன் குறைவு. பிறந்த குழந்தைகளில் இதை நுரையீரலில் தொடரும் உயர் ரத்த அழுத்தம் என்று எண்ணி அதற்கான சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே இருப்பது நடக்கக்கூடிய தவறு. நுரையீரல் தமனி அழுத்தம் இயல்பாக இருந்தும் நீலம் மாறவில்லை என்றால், வலது மேலறைக்குள் தேட வேண்டும். சிறு குழந்தைகளில் மேல்வயிற்றின் வழியாகப் பார்க்கும் எக்கோ கோணத்தில், இரண்டு பெருஞ்சிரைகளும் ஒரே படத்தில் விழும்படி பார்த்தால் சவ்வு நன்றாகத் தெரியும். பெரியவர்களுக்கு உணவுக்குழாய் வழி எக்கோவே நம்பகமானது. கீழறையின் கொள்ளளவைத் துல்லியமாக அளக்க எம்.ஆர்.ஐ. உதவும்.

கேள்வி: ஆறு வயது மகனுக்கு மேலறைத் துளையோடு இந்தச் சவ்வும் இருக்கிறது. தொடை வழியாகக் ‘குடை’ போல விரியும் கருவியை வைத்துத் துளையை அடைத்துவிடலாம், நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்று ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் ஆபரேஷன்தான் என்கிறார். யாரை நம்புவது?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சவ்வு ரத்தத்தைத் தடுக்கிறது என்றால், அதை அப்படியே விட்டுத் துளையை மட்டும் அடைப்பது ஆபத்து. அந்தத் துளை உங்கள் மகனுக்கு வடிகால். சவ்வின் பின்னால் தேங்கும் ரத்தம் அதன் வழியாகவாவது வெளியேறுகிறது. சாச்சுரேஷன் குறைந்தாலும் இதயத்திலிருந்து உடம்புக்குப் போகும் ரத்தத்தின் அளவு குறையவில்லை. வடிகாலை மூடினால் தேக்கம் அத்தனையும் சிரைகளில் ஏறும். இடது பக்கத்துக்கு வரும் ரத்தம் குறைந்து ரத்த அழுத்தமும் விழலாம். சந்தேகமுள்ள இடத்தில், ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டுச் சோதிக்கும் கேத் லேபில் பலூனால் துளையைச் சில நிமிடம் அடைத்து, வலது மேலறை அழுத்தமும் ரத்த அழுத்தமும் எப்படி மாறுகின்றன என்று பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். ‘பலூன் வைத்துச் சோதித்துப் பார்ப்பீர்களா?’ என்று நேராகவே கேளுங்கள்.

சவ்வு தடுக்கவில்லை, வெறும் நீண்ட யூஸ்டேக்கியன் மடிப்புதான் என்றால் குடை வைக்கலாம். அப்போதும் தொடை வழியாக வரும் குழாய் அந்த மடிப்பில் சிக்கும். குடையின் வலது தட்டு விரியும்போது மடிப்பு அதில் மாட்டிக்கொள்ளும். மடிப்பையே துளையின் கீழ் விளிம்பு என்று எண்ணி அளவெடுத்தால் குடை பிடிமானமில்லாமல் நகரும். உணவுக்குழாய் எக்கோவைக் கூடவே வைத்துக்கொண்டு செய்பவர் இவற்றைப் பார்த்துத் தவிர்ப்பார்.

அறுவை சிகிச்சையிலும் இதே மடிப்பு ஏமாற்றும். துளை மிகக் கீழே இருந்து, மடிப்பு பெரிதாகவும் இருந்தால், அதைத் துளையின் விளிம்பு என்று எண்ணித் தைத்துவிட்டால் கீழ்ப்பெருஞ்சிரையே இடது மேலறைக்குள் திறந்துகொள்ளும். துளையை அடைத்த பிறகு குழந்தை முன்பைவிட நீலமாகும். அனுபவமுள்ள அறுவை மருத்துவர்கள் கடைசித் தையலுக்கு முன் கீழ்ப்பெருஞ்சிரையின் வாய் எந்தப் பக்கம் திறக்கிறது என்று நேரில் பார்த்து உறுதிசெய்வது இதனால்தான்.

எனவே, யாரை நம்புவது என்பதை இரண்டு எண்களும் ஒரு படமும் தீர்மானிக்கட்டும்: சவ்வின் அழுத்த வேறுபாடு, துளையில் ரத்தம் ஓடும் திசையோடு சாச்சுரேஷன், வலது கீழறையின் அளவு காட்டும் படம். நீங்கள் அனுப்பிய விவரத்தில் சாச்சுரேஷன் 90-க்குக் கீழே இருப்பதாக இருக்கிறது. அப்படியானால் ரத்தம் வலமிருந்து இடமாக ஓடுகிறது. இந்த நிலையில் ஆபரேஷன் சொன்னவர் பக்கமே நியாயம் இருக்கிறது.

கேள்வி: ஆபரேஷனில் என்ன செய்வார்கள்? பிறகு வீட்டில் எப்படிப் பார்த்துக்கொள்வது? பலூனால் கிழித்துவிட முடியாதா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: சவ்வு மெல்லியதாகவும், துளைக்க ஏற்ற வடிவிலும் இருந்த சிலருக்குப் பலூனால் கிழித்த அனுபவங்கள் மருத்துவ இதழ்களில் வந்துள்ளன. மேலறை நடுச்சுவரில் துளையும் கூடவே இருந்தால், அல்லது சவ்வு தடித்திருந்தால், வெட்டி எடுப்பதே தெளிவான வழி.

நடு நெஞ்செலும்பைத் திறந்து, இதய–நுரையீரல் இயந்திரத்தில் இணைத்து, இரண்டு பெருஞ்சிரைகளிலும் தனித்தனிக் குழாய் வைத்து, இதயத்தை நிறுத்தி, வலது மேலறையைத் திறப்பார்கள். சவ்வு கண்ணுக்கு நேராகத் தெரியும். அடிவரை வெட்டி எடுக்கும்போது இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்: மேற்பெருஞ்சிரை அருகே துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணு, இதயச் சிரை திறக்கும் இடத்தருகே மின்னோட்டத்தைக் கீழறைக்கு அனுப்பும் ஏ.வி. கணு. இரண்டாவதில் கை பட்டால் பேஸ்மேக்கர் வரை போகலாம். பிறகு துளையை நேரடித் தையலாலோ, குழந்தையின் இதய உறையிலிருந்தே எடுத்த ஒட்டாலோ மூடுவார்கள். வலது கீழறை சிறியதாக இருந்தால் வேண்டுமென்றே ஒரு சிறு துளையை விட்டுவைப்பதும் உண்டு. ஆபரேஷனுக்குப் பிறகு சாச்சுரேஷன் 100 வரவில்லையே என்று பதறுவதற்கு முன், துளை விட்டிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த சவ்வு மறுபடி வளர்வது வழக்கமில்லை.

சிக்கலில்லாத குழந்தை ஒரு வாரத்தையொட்டி வீடு திரும்பும். நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மறு கை இடுப்புக்கு அடியில். பாட்டிகளும் பக்கத்து வீட்டாரும் வந்து ஆசையாகத் தூக்கும் வீட்டில் இதை எல்லாரிடமும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், மூச்சு வாங்கல், பால் குடிக்க மறுப்பு, காரணமில்லாத சிணுங்கல் வந்தால் சளி என்று விட்டுவிடாமல் எக்கோ எடுங்கள். இதய உறையில் நீர் கோத்திருக்கலாம்.

கேள்வி: ஆபரேஷன் தேதி கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆகும். அதுவரை நீலமாகும் குழந்தையை எப்படிப் பாதுகாப்பது? செலவுக்கும் வழி சொல்லுங்கள்.
– வாசகி, விழுப்புரம்

பதில்: முதலில் டிரிப். இது எல்லாவற்றையும்விட முக்கியம். வலது பக்க ரத்தம் நேராக இடது பக்கம் போகும் குழந்தைக்குச் சிரையில் நுழையும் சின்னக் காற்றுக் குமிழிகூட மூளைக்குப் போகலாம். காய்ச்சலுக்கோ வயிற்றுப்போக்குக்கோ எந்த மருத்துவமனையில் ஊசி, டிரிப் போட்டாலும், ‘இவளுக்கு வலமிருந்து இடமாக ரத்தம் போகிறது, குழாயில் காற்று இருக்கக் கூடாது’ என்று நர்ஸிடம் சொல்லுங்கள். ஊசி குத்தும் முன் குழாய் முழுதும் திரவம் ஓடியிருக்கிறதா, மூட்டுகளில் குமிழி ஒட்டியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டி இருந்தால் மாட்டச் சொல்லுங்கள். பபிள் எக்கோவில் நாங்களே குமிழி விடுகிறோமே என்று கேட்கலாம். அது நுண்ணிய குமிழி, அளவும் குறைவு, பெரிய குமிழிகளை நீக்கியது, மருத்துவர் கண்முன்னே நடப்பது.

அடுத்தது நீர்ச்சத்து. ஆக்சிஜன் குறைவுக்கு ஈடுகட்ட உடம்பு சிவப்பணுக்களை அதிகமாக்கும், ரத்தம் கெட்டியாகும். வாந்தியும் பேதியும் வந்து நீர் வற்றினால் உறைவு ஏற்படலாம். சித்திரை, வைகாசி வெயிலில் பாலும் நீரும் குறையாமல் பாருங்கள். இரண்டு மூன்று முறை பேதியானாலே ஓ.ஆர்.எஸ். தொடங்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஹீமோகுளோபின் அதிகமாக இருக்கிறதே என்று இரும்புச்சத்துச் சோதனையை விட்டுவிடக் கூடாது. இத்தகைய குழந்தைகளுக்கு எண்ணிக்கை அதிகமாக இருந்தும் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம். அதுவும் பக்கவாத அபாயத்தைக் கூட்டும்.

பல் பிடுங்குதல், ஈறு கிழியும் சிகிச்சை என்றால், நீலம் இருக்கும்வரை முன்கூட்டியே ஆன்டிபயாடிக் வேண்டும். பென்சிலின் ஒவ்வாமை இல்லையென்றால் அமாக்சிசிலின், உடல் எடையில் கிலோவுக்கு 50 மி.கி. வீதம், அதிகபட்சம் 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே தடவை. மருந்தை உங்கள் மருத்துவரே எழுதித் தர வேண்டும். தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டாம்.

சாச்சுரேஷன் பார்க்கும்போது குழந்தை அமைதியாக இருக்க வேண்டும், விரல் சில்லிட்டிருக்கக் கூடாது, மருதாணியோ நகப்பூச்சோ இருக்கக் கூடாது. அலை சீராக ஓடும்வரை பொறுத்து, ஒரு நிமிடம் நிலையாக நிற்கும் எண்ணை மட்டும் குறியுங்கள். வழக்கமான எண்ணிலிருந்து இறங்கி மீளவில்லை, குழந்தை சோர்ந்து துவள்கிறது, கை கால் ஒரு பக்கம் அசையவில்லை, வலிப்பு வந்தது என்றால் 108-ஐ அழையுங்கள். தேதி வரை காத்திருக்காதீர்கள்.

செலவுக்கு: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் பிறவி இதயக் கோளாறுகளுக்கான சிகிச்சைகள் உள்ளன. மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் அட்டையையும் எக்கோ ரிப்போர்ட்டையும் முன்னதாகவே கொடுத்து ஒப்புதல் வாங்கிவிடுங்கள். 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டமான ஆர்.பி.எஸ்.கே.யும் உண்டு, உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொன்னால் மாவட்ட மையத்துக்கு அனுப்புவார்கள்.

கேள்வி: எனக்கு 44 வயது. தற்செயலாக இந்தச் சவ்வு தெரியவந்தது. எந்தத் தொல்லையும் இல்லை. வெட்ட வேண்டுமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தடையும் இல்லை, சாச்சுரேஷனும் இயல்பு என்றால் வேண்டாம். வேறு காரணத்துக்கு இதயத்தைத் திறக்க நேர்ந்தால் அப்போது எடுத்துவிடுவார்கள். படபடப்பு வந்தால் இ.சி.ஜி.யும், துடிப்பை நாள் முழுதும் பதியும் ஹோல்டரும் எடுங்கள். மேலறைத் துடிப்புக் கோளாறுகள் இதோடு வரலாம். படுத்திருக்கும்போது சரியாக இருந்து, எழுந்து உட்கார்ந்தாலோ நின்றாலோ மூச்சு வாங்குகிறது என்றால், இரண்டு நிலையிலும் சாச்சுரேஷன் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள். நிமிர்ந்தால் எண் இறங்குவது, சவ்வும் ஃபொராமென் ஓவேலும் சேர்ந்து வேலை செய்கின்றன என்பதற்கு நல்ல தடயம். பேஸ்மேக்கர் போன்ற எதற்காவது சிரை வழியாகக் குழாய் விடுவதாக இருந்தால், சவ்வு இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழாய் அதில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: நாங்கள் அத்தை மகன், மாமன் மகள். முதல் குழந்தைக்கு இந்தக் கோளாறு. சொந்தத்தில் கட்டியதால்தான் என்று வீட்டில் பேசுகிறார்கள். அடுத்த குழந்தைக்கும் வருமா?
– வாசகி, தேனி

பதில்: நெருங்கிய உறவில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறுகள் பொதுவில் சற்றுக் கூடுதலாகக் காணப்படுகின்றன. அதை வைத்து உங்கள் குழந்தையின் சவ்வுக்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. உறவில்லாத பெற்றோரின் குழந்தைகளுக்கும் இது வருகிறது. கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்டதோ செய்ததோ காரணமல்ல. வீட்டில் பேசுபவர்களிடம் இதைக் காட்டுங்கள்.

முதல் குழந்தைக்கு இதயக் கோளாறு இருந்தால் அடுத்ததற்கு ஏதாவது ஒரு இதயக் கோளாறு வரும் வாய்ப்பு 100-இல் சுமார் 2 முதல் 5; மற்றவர்களுக்கு அது 100-க்கு ஒன்றுக்கும் குறைவு. அடுத்த கர்ப்பத்தில் 18 முதல் 24 வாரத்துக்குள், சாதாரண ஸ்கேனோடு நிறுத்தாமல், கருவின் இதய எக்கோ எடுங்கள். அதில் ‘யூஸ்டேக்கியன் வால்வு பெரிதாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் கலங்க வேண்டாம். கருவில் அது பெரிதாகத்தான் இருக்கும். வலது கீழறை சரியாக வளர்கிறதா என்று சில வாரம் கழித்து ஒருமுறையும், பிறந்த பிறகு ஒருமுறையும் பார்த்தால் போதும். பிறந்து 24 மணி நேரம் ஆனதும் வலது கையிலும் ஒரு காலிலும் சாச்சுரேஷன் பார்க்கச் சொல்லுங்கள். 95-உம் அதற்கு மேலும் இருந்து, இரண்டுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இல்லை என்றால் சரி. 90-க்குக் கீழே இருந்தால் அன்றே எக்கோ எடுக்க வேண்டும். இடைப்பட்ட எண்ணோ, 3-க்கு மேல் வித்தியாசமோ வந்தால் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும்.